மஞ்சிறங்கும் தெருவில் ஒரு காமிரா



கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்றவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பின்னால் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. “அசையாதே, சிரி” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அசையாமல் நின்று சிரிப்பார்கள். இந்தக் கட்டுரை அத்தகைய படத்தைப் பற்றியது அன்று. அதே ஊரின் கடைவீதியில், யாரையும் நிற்கச் சொல்லாமலும் சிரிக்கச் சொல்லாமலும், நடக்கிறதை நடக்கிறபடியே படம் பிடிக்கும் ஓர் ஆர்வலர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தெருப் புகைப்படக்காரர் என்போம். அவருடன் ஒரு நாள் நடந்து பார்ப்போம். வழியில் நீங்கள் வகுப்பில் படித்த ஒளியியல் பாடம் பல இடங்களில் எதிர்ப்படும்.

காலை ஏழு மணி. பேருந்து நிலையத்தருகே காரட் மூட்டையை ஒருவர் லாரியிலிருந்து முதுகுக்கு மாற்றுகிறார். தைலக் கடைக்காரர் கதவுப் பலகையைத் தூக்கும்போது ஒரு நாய் எழுந்து சோம்பல் முறிக்கிறது. கம்பளிக் குல்லாய் அணிந்த பாட்டி தேநீர்க் குவளையை இரு கையாலும் பொத்திக்கொண்டு ஆவியை ஊதுகிறார். இவற்றுள் எதுவும் அரை விநாடிக்கு மேல் நிற்பதில்லை. அந்த அரை விநாடியில் காமிராவை உயர்த்தி, தூரத்தை அளந்து, ஒளியை அளந்து, பொத்தானையும் அழுத்துவது எவராலும் ஆகாத காரியம். ஆகவே அளக்க வேண்டியதையெல்லாம் முன்பே அளந்து வைத்துவிட வேண்டும். தெருப் புகைப்படக்காரரின் வேலையில் பெரும்பகுதி இந்த முன்கணக்குதான். மலையூரில் இது சமவெளியில் இருப்பதைவிடக் கடினமானது. ஏனெனில் இங்கே மஞ்சு இறங்கினால் கால் மணி நேரத்துக்குள் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

பையில் என்ன இருக்கிறது?

முதலில் அவருடைய பையைத் திறந்து பார்ப்போம். நீங்கள் ஏமாந்துதான் போவீர்கள். ஒரு சிறு காமிரா, அதில் ஒரே ஒரு லென்ஸ், உபரியாக ஒரு மின்கலம், மெல்லிய பருத்தித் துணி, தூசி ஊதும் ரப்பர்ப் பந்து, இரண்டு பாலிதீன் பைகள், ஒரு குடை, ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். பிலிம் காமிரா வைத்திருப்பவரானால் இரண்டு பிலிம் சுருள்கள் சேரும். இவ்வளவுதான். விலையுயர்ந்த நீண்ட குழல் லென்ஸ் ஒன்றும் இல்லை.

இவ்வளவு சிறிய கருவி கைக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லினேயஸ் டிரைப் 1858-இல் மதுரையைப் படம் எடுத்தார். மெழுகு ஊட்டிய பெரிய தாள்களே அவருக்கு நெகடிவ். அன்றைய இரசாயனங்களுக்கு ஒளியை உணரும் திறன் மிகக் குறைவு. ஆதலால் நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். கோபுரமும் தூணும் நின்ற இடத்திலேயே நிற்கும்; அவை அழகாகப் பதிந்தன. தெருவில் நடந்த மனிதர்களோ தங்கள் பிம்பத்தை ஓரிடத்திலும் போதிய நேரம் பதிக்காமல் மறைந்து போவார்கள். அக்காலத்துப் படங்களில் தெருக்கள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஊரில் ஆள் இல்லாததால் அன்று!

அடுத்த திருப்பம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. வெட்ஸ்லர் நகரில் நுண்ணோக்கிகள் செய்யும் லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கார் பார்னாக் என்ற இயந்திர வல்லுநர் பணியாற்றினார். அவருக்கு மலைப்பாதைகளில் நடப்பதிலும் படம் எடுப்பதிலும் மிகுந்த ஆசை. ஆனால் ஆஸ்துமா நோயாளி. கனமான கண்ணாடித் தகட்டுக் காமிராவைச் சுமந்து மேடேற அவரால் முடியவில்லை. சினிமாவுக்குப் பயன்படும் 35 மி.மீ. அகலப் பிலிமை எடுத்துக்கொண்டு, சினிமாப் படச் சட்டத்தின் அளவை இரட்டிப்பாக்கி, 24 மி.மீ.க்கு 36 மி.மீ. என்ற சிறு நெகடிவ் பதியும் கையடக்கக் காமிராவை அவர் 1914 வாக்கில் செய்தார். 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் அது லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. மேடேற முடியாத ஒருவர் கண்ட வழியால்தான் இன்று நாம் ஒரு காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கொடைக்கானல் மேடுகளில் ஏறி இறங்குகிறோம்.

அந்தச் சிறு காமிராவைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களுள் பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் முதன்மையானவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து, ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவர் இவரே. பெரும்பாலும் ஒரு லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும் அவருக்குப் போதுமாக இருந்தன. காமிராவின் பளபளப்பான உலோகப் பகுதி கண்ணை உறுத்தாமல் இருக்க, அதன்மீது கறுப்பு நாடாவை ஒட்டிக்கொள்வது அவர் வழக்கம். உலகப் புகழ் பெற்றவரின் கருவிப் பட்டியல் இவ்வளவு சிறியது என்பதைக் கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் லென்ஸ்களைப் பார்த்து ஏங்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்.

நம் புகைப்படக்காரர் வைத்திருப்பது 35 மி.மீ. குவியத் தூரம் கொண்ட லென்ஸ். இதில் மனத்தில் வைக்க எளிதான ஒரு வசதி உண்டு. நெகடிவின் அகலம் 36 மி.மீ., குவியத் தூரம் 35 மி.மீ.; இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆகவே வடிவொத்த முக்கோணங்களின் விதிப்படி, எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறோமோ ஏறக்குறைய அத்தனை மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். தேநீர்க் கடையின் முகப்பு 4 மீட்டர் என்றால் 4 மீட்டர் தள்ளி நின்றால் போதும். கண்ணில் காமிராவை வைத்துப் பார்க்காமலேயே, கடை முழுவதும் அடங்குமா என்று சொல்லிவிடலாம்.

ஒளியின் வரவு செலவு

இனி முன்கணக்கிற்கு வருவோம். லென்ஸின் துவாரத்தைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். எஃப் 16 என்றால் நம் லென்ஸில் துவாரத்தின் விட்டம் 35-ஐ 16-ஆல் வகுத்தால் வரும் 2.2 மி.மீ. அளவே. எஃப் 4 என்றால் 8.75 மி.மீ. விட்டம் நான்கு மடங்கு ஆனால் பரப்பு பதினாறு மடங்கு ஆகும் அல்லவா? எனவே எஃப் 4-இல் பதினாறு மடங்கு ஒளி உள்ளே வரும். எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். முதன்முறை படிப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

ஒளியை இரட்டிப்பதையோ பாதியாக்குவதையோ புகைப்படக்காரர்கள் ஒரு படி என்று எண்ணுவார்கள். துவாரத்தை ஒரு படி திறக்கலாம். அல்லது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஒரு படி நீட்டலாம். பிலிமுக்கு வந்து சேரும் ஒளி இரண்டிலும் ஒன்றே.

வெயில் நாளுக்கு ஒரு பழைய விதி உண்டு. நல்ல வெயிலில் துவாரத்தை எஃப் 16-இல் வைத்து, பிலிமின் வேக எண் எதுவோ அதன் தலைகீழை ஷட்டர் நேரமாக வைத்தால் படம் சரியாக வரும். ஐ.எஸ்.ஓ. 400 பிலிம் என்றால் 1/400 விநாடி. காமிராவில் அதற்கு அருகில் இருப்பது 1/500. டிஜிட்டல் காமிராவிலும் இதே எண்களே செல்லும். ஒளிமானி இல்லாத பழைய காமிராவை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் இந்த ஒரு விதியால் வாழ்நாள் முழுவதும் படம் எடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது தூரம். லென்ஸை 3 மீட்டருக்குக் குவித்து வைத்தால், சரியாக 3 மீட்டரில் இருப்பது மட்டுமே முழுத் தெளிவாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு புள்ளி, பிலிமில் புள்ளியாக விழாமல் ஒரு சிறு வட்டமாக விழும். அந்த வட்டத்தின் விட்டம் 0.03 மி.மீ.க்கு உள்ளே இருந்தால் நாம் அதைத் தெளிவு என்றே ஏற்றுக்கொள்கிறோம். அந்த அளவு எங்கிருந்து வந்தது? 24-க்கு 36 மி.மீ. நெகடிவை ஏறக்குறைய எட்டு மடங்கு பெருக்கினால் 20-க்கு 30 செ.மீ. படம் ஆகும். 0.03 மி.மீ. வட்டம் அப்போது கால் மி.மீ. ஆகும். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் நம் கண்ணுக்கு அது புள்ளியாகவே தோன்றும்.

துவாரம் சிறியதாக இருந்தால் லென்ஸிலிருந்து வரும் ஒளிக்கூம்பு ஒல்லியாக இருக்கும், வட்டமும் சிறுக்கும், தெளிவான வட்டாரம் நீளும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 3 மீட்டரில் குவித்து எஃப் 16-இல் வைத்த நம் லென்ஸுக்கு 1.4 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவு. புகைப்படக்காரர் இனிக் குவியத்தைத் தொடவே வேண்டியதில்லை. கையெட்டும் தூரத்தில் நிற்பவரைத் தவிர யார் எதிரே வந்தாலும் படம் தெளிவாகவே விழும். அரை விநாடிக் காட்சிக்கு அவர் எப்படித் தயாராக இருக்கிறார் என்ற இரகசியம் இதுதான்.

மஞ்சு கேட்கும் விலை

பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வருகிறது. மலைச்சரிவில் மேலேறும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி சிறு துளிகளாகி, ஊருக்குள் நுழைகிறது. தெருவில் நிற்கும் நாம் உண்மையில் ஒரு மேகத்துக்குள் நிற்கிறோம். இப்போது ஒளி மூன்று படி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதாவது எட்டில் ஒரு பங்கு. ஷட்டர் நேரத்தை 1/500-இலேயே வைத்திருக்க வேண்டுமானால் துவாரத்தை எஃப் 5.6 வரை திறக்க வேண்டும். திறந்தால் தெளிவான வட்டாரம் 2.1 மீட்டரிலிருந்து 5.1 மீட்டர் வரை சுருங்கிவிடும்.

மாலையில் மஞ்சு தடிக்கிறது. இன்னும் இரண்டு படி ஒளி போயிற்று. ஒரு படியைத் துவாரத்திலிருந்தும் ஒரு படியை நேரத்திலிருந்தும் கொடுக்கிறார்: எஃப் 4, 1/250 விநாடி. இப்போது தெளிவு 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை மட்டுமே. காலையில் அடிவானம் வரை நீண்டிருந்த வட்டாரம் மாலையில் இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு திண்ணையாகிவிட்டது! அந்தத் திண்ணைக்குள் ஆள் வரும்போதுதான் பொத்தானை அழுத்த வேண்டும்.

நேரத்தை நீட்டினால் என்ன நட்டம்? சாதாரணமாக நடப்பவர் விநாடிக்கு 1.25 மீட்டர் செல்கிறார். 1/500 விநாடியில் அவர் நகர்வது 2.5 மி.மீ. மூன்று மீட்டர் தொலைவில் நம்மைக் குறுக்காகக் கடந்தால், பிலிமில் அந்த நகர்வு ஏறத்தாழ 0.03 மி.மீ. அதாவது நாம் முன்பு ஏற்றுக்கொண்ட அளவே. 1/250 விநாடியில் 0.06 மி.மீ.; சற்றே கலங்கும். 1/60 விநாடியில் 0.25 மி.மீ.; பெரிதாக்கிய படத்தில் 2 மி.மீ. இழுவை. அவருடைய மூக்கு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதுதான். ஆனால் நம்மை நோக்கி நேரே வருபவருடைய பிம்பம் பக்கவாட்டில் நகராமல் சிறிது பெருக்க மட்டுமே செய்கிறது; கலக்கம் மிகக் குறைவு. மஞ்சு வேளையில் அனுபவசாலிகள் தெருவின் ஓரத்தில் நிற்காமல் வளைவில் நின்று, வருகிறவர்களை எதிர்முகமாகப் பார்ப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

“ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்திவிட்டால் என்ன?” என்று டிஜிட்டல் காமிரா வைத்திருக்கும் நண்பர் கேட்பார். உயர்த்தலாம். ஆனால் அது வரும் ஒளியைக் கூட்டுவதில்லை. வந்த ஒளியின் குறிப்பைப் பெருக்கிக் காட்டுகிறது. முற்றத்தில் பல கிண்ணங்களை வைத்து மழை பிடித்துப் பாருங்கள். பெருமழையில் எல்லாக் கிண்ணத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் இருக்கும். இரண்டே நிமிடம் தூறினால் ஒன்றில் பத்துத் துளி, பக்கத்துக் கிண்ணத்தில் ஆறு துளி என்று ஏற்றத்தாழ்வு தெரியும். ஒளியும் துகள் துகளாகவே வந்து விழுகிறது. குறைந்த ஒளியில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குள் வரும் இந்த ஏற்றத்தாழ்வே படத்தில் மணல் தூவியதுபோல் தோன்றும் பொரிவு.

கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல். அதன் லென்ஸின் குவியத் தூரம் சில மி.மீ. மட்டுமே. ஆதலால் துவாரம் முழுவதும் திறந்திருந்தும், நம் 35 மி.மீ. லென்ஸ் எஃப் 16-இல் தரும் ஆழத்தை அது எப்போதும் தருகிறது. ஆனால் ஒளியை ஏந்தும் பரப்பு மிகச் சிறியது. எனவே மஞ்சில் பொரிவு விரைவில் தலைகாட்டும். ஒன்று கிடைத்தால் ஒன்று போகும்.

வெள்ளை ஏன் சாம்பல் ஆகிறது?

கோக்கர் நடைபாதையில் நின்று பார்த்தால் தூரத்து மலைகள் நீலமாகவும், பக்கத்து மஞ்சு வெண்மையாகவும் தெரிகின்றன. இரண்டும் ஒளிச் சிதறல்தான். காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியவை. அவை நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். மஞ்சின் துளிகள் பல மைக்ரான் விட்டமுள்ளவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். தன்னைவிட இவ்வளவு பெரிய துளியில் மோதும்போது எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறும். எல்லா நிறமும் சேர்ந்தால் வெள்ளை.

காமிராவின் ஒளிமானிக்கு இது தெரியாது. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறப் பொருளைப் பார்ப்பதாகவே எண்ணி அளக்கும்படி செய்யப்பட்டுள்ளது. வெண்மையான மஞ்சைக் காட்டினால், “ஒளி மிகுதி” என்று துவாரத்தைச் சுருக்கிவிடும். விளைவு, மஞ்சு அழுக்குச் சாம்பலாகவும், அதற்குள் நடக்கும் மனிதர் கரிக்கட்டையாகவும் விழுவர். மானி சொல்வதைவிட ஒரு படி கூடுதலாக ஒளி கொடுத்தால் வெண்மை வெண்மையாகும். இயந்திரம் அளந்த எண் சரிதான். அது எதை அளந்தது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

மஞ்சு பகை மட்டும் அன்று, நட்பும் ஆகும். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒளியைச் சிதறடிக்கக் காற்று குறைவாக இருப்பதால் வெயில் சுள்ளென்று நேரே விழுகிறது. நிழல்கள் மிகக் கறுப்பாக இருக்கும். நண்பகலில் குல்லாய் அணிந்தவரின் கண்கள் இருட்டில் மறைந்துபோகும். மெல்லிய மஞ்சு படர்ந்தால் அதே முகம் எல்லாப் பக்கமிருந்தும் ஒளி பெற்று, சுருக்கங்கள் கூடத் தெரியும்படி மலரும். பின்னால் உள்ள விளம்பரப் பலகைகளையும் மஞ்சு விழுங்கிவிடும். இது அதன் தனிச் சலுகை. மாலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து, எதிரே பள்ளத்தாக்கில் மஞ்சும் நின்றால், உங்கள் நிழலே அதில் விழுந்து, தலையைச் சுற்றி வண்ண வளையம் தோன்றுவதையும் நடைபாதையிலிருந்து காண வாய்ப்புண்டு.

உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர்களும் மிகும்; 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு. பழைய பிலிம்கள் இவற்றுக்கும் இணங்கியதால் மலைப்படங்கள் நீலம் பாய்ந்து வந்தன. ஆகவே புற ஊதா வடிகட்டிக் கண்ணாடியை லென்ஸ்முன் மாட்டினார்கள். டிஜிட்டல் காமிராவில் வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. இன்று அந்தக் கண்ணாடி லென்ஸைக் கீறலிலிருந்து காக்கும் ஒரு சட்டைதான்.

வியர்க்கும் காமிரா

வெளிக்குளிரிலிருந்து தேநீர்க் கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். லென்ஸும் அப்படியே மங்கும். மலையிறங்கும்போது இன்னும் மோசம். கொடைக்கானலில் 14 டிகிரிக்குக் குளிர்ந்த காமிராவுடன் பேருந்தில் இறங்கி, வத்தலக்குண்டில் வெளியே எடுக்கிறீர்கள். அங்கே வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், அந்தக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 21 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின்மீதும் நீர் படியும். மேல்பரப்பில் படிந்ததைத் துடைக்கலாம். லென்ஸுக்குள் படிந்ததை என்ன செய்வது? பையிலிருந்த பாலிதீன் உறைகள் இதற்குத்தான். குளிரில் இருக்கும்போதே காமிராவை உறையில் இட்டு இறுகக் கட்டிவிட வேண்டும். நீர் உறையின் மீது படியும். உள்ளே காமிரா மெதுவாகச் சூடாகும். அரைமணிக்குப் பின் திறக்கலாம்.

ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி வலைபோல் படரும் அது, மேல்பூச்சையே அரித்துவிடும். மழை மாதங்களில் காமிராவைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதைவிடக் கேடு வேறில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் மணிகளுடன் வைப்பதே நலம். நீல மணிகள் ஈரம் உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாக மாறித் தம் வேலை முடிந்ததைத் தெரிவிக்கும். அந்த நிறத்தைத் தருவது கோபால்ட் உப்பு, நஞ்சு. சிறுவர் கையில் கொடுக்கவோ, சமையல் பாத்திரத்தில் வறுக்கவோ கூடாது.

உபரி மின்கலம் பையில் இல்லாமல் சட்டைப் பைக்குள் இருப்பதைக் கவனித்தீர்களா? குளிரில் மின்கலத்தின் வேதிவினை மந்தப்படும். உடல் வெப்பத்தில் வைத்திருந்தால் மார்கழி விடியலிலும் கைகொடுக்கும்.

எதிரே நிற்பவர் ஒரு மனிதர்

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் சரியாக இருந்தும் படம் தவறாகப் போகலாம். ஏரிக்கரையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அது பிழைப்பு, நமக்குக் காட்சி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூண்டு விற்கும் அம்மாவுக்கு நம் காமிராவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தன்னை யாரோ உற்றுப் பார்க்கிறார்கள் என்பது உடனே தெரியும். நீண்ட குழல் லென்ஸை நம் புகைப்படக்காரர் வாங்காததற்கு விலை மட்டும் காரணம் அன்று. 35 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு ஒளிந்து நின்று படம் எடுக்க முடியாது. மூன்று மீட்டர் அருகில் போக வேண்டும். அருகில் போனால் அவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். “வேண்டாம் தம்பி” என்று கையசைக்க அவர்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கும். கையசைத்தால் காமிராவை இறக்கிவிடுவதுதான் முறை. எடுத்த பிறகு மறுத்தால் அழித்துவிட வேண்டும்.

குளிப்பவர், உறங்குபவர், விபத்தில் சிக்கியவர் இவர்களை எடுப்பதில்லை. குழந்தைகளை எடுக்குமுன் உடனிருக்கும் பெரியவரைக் கேட்க வேண்டும். பழனி அடிவாரத்தில் தைப்பூசத்துக்கு வரும் பாதயாத்திரைக் கூட்டத்தையும் காவடிகளையும் விரும்பிப் படம் எடுப்போர் பலர். மலைக்கோயிலுக்குள் காமிராவும் கைப்பேசியும் கொண்டுசெல்ல 2023 அக்டோபரிலிருந்து தடை உள்ளது. அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார் என்ற புகைப்படக் கலைஞரைப் பற்றி நீங்கள் அறிந்திருக்கலாம். மீன் விற்று வாழும் குடும்பத்துப் பிள்ளை. தன் தாயையும், துப்புரவுத் தொழிலாளர்களையும், இராமநாதபுரக் கடலில் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்களையும் அவர் எடுத்த படங்கள் ‘பாரி’ என்னும் கிராமிய ஆவண இதழில் வெளிவந்துள்ளன. 2022-இல் தயாநிதா சிங் பெயரால் பாரி தொடங்கிய ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர் அவரே. அவர் படங்களில் இருப்பவர்கள் காமிராவைக் கண்டு ஒடுங்குவதில்லை. எடுத்தவர் அவர்களுக்குத் தெரிந்தவர்; அல்லது தெரிந்தவராக ஆகும்வரை பொறுத்திருந்தவர். இந்தப் பொறுமைக்கு எஃப் எண் கிடையாது.

சிலர் எடுத்த படத்தில் ஒரு பிரதி அச்சிட்டு, அடுத்த முறை வரும்போது உரியவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைவீதியில் அவர்களுக்கு அதன்பிறகு எந்தக் கதவும் மூடியிருப்பதில்லை.

இரவு வேலை

இருட்டியபின் அறைக்குத் திரும்பிய புகைப்படக்காரர் முதலில் திறப்பது நோட்டுப் புத்தகத்தை. நாள், நேரம், இடம், ஒளியின் நிலை, வைத்த எண்கள், கேட்டறிந்த விவரங்கள். எழுத அலுப்பாகத்தான் இருக்கும். பலர் இதைச் செய்வதில்லை, பத்தாண்டு கழித்துப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு “இது எந்தக் கடை?” என்று விழிப்பார்கள்.

குறிப்பின் மதிப்பை அறிய ஊரின் மேட்டுக்கு ஏறினால் போதும். 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது. 1904 முதல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாட்களில் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். தெருவுக்கே வராத காமிரா அது. ஒரே முகத்தை ஆயிரக்கணக்கான முறை எடுத்தது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். அதற்கும் சான்று நிறமாலைப் புகைப்படங்களே. அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளை இப்போது டிஜிட்டல் வடிவாக்கி, சூரியன் ஒரு நூற்றாண்டில் எப்படி மாறியது என்று ஆராய்கிறார்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் நாளும் நேரமும் குறித்து வைத்திருந்ததால்தான் இது முடிகிறது. குறிப்பில்லாத தகடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சூரியனின் ஒரு படம், அவ்வளவே.

உங்களிடம் காமிரா இல்லையா? முன்கணக்கைப் பழகக் காமிரா வேண்டியதில்லை. ஒரு நூலில் 3 மீட்டர் அளந்து, அது உங்கள் நடையில் எத்தனை அடி என்று பாருங்கள். பிறகு தெருவில் நின்று, எதிரே வருபவர் 3 மீட்டரைத் தொடும்போது மனத்துக்குள் “இப்போது” என்று சொல்லுங்கள். அவர் மிதித்த இடத்தைக் குறித்துவைத்து, அவர் கடந்து சென்றதும் அளந்து பாருங்கள். முதல் நாள் ஒரு மீட்டர் வரை பிழைக்கும். ஒரு வாரம் செய்தால் அரை மீட்டருக்குள் வந்துவிடும். எஃப் 4-இல் மஞ்சு வேளைக்கு அது போதும். நாள்தோறும் எத்தனை முறை சரி, எத்தனை முறை தவறு, தவறு அருகிலா தூரத்திலா என்று எழுதி, வார முடிவில் ஒரு வரைபடம் வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள். நூலின் நீளத்தையும் எந்தத் தெரு என்பதையும் மறவாமல் குறிப்பிடவும்.